நோய் விசாரிக்க வந்தவர்களும் என் வலது கையும்

சுபஹ் தொழுகையின் கடைசி இருப்பில் வலது கையின் சுட்டுவிரலை உயர்த்துவோம். அன்று காலை என் விரல் உயரவில்லை. குனிந்து பார்த்தேன். தொடையின் மேல் யாரோ வைத்துவிட்டு மறந்துபோன சாமான் மாதிரிக் கிடந்தது. கை மரத்துப்போயிருக்கும் என்று நினைத்து ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தேன். எழும்பப் பார்த்தால் வலது காலும் வரவில்லை.

மகள் ஸுமையாவைக் கூப்பிட்டேன். பெயர் வாய்க்குள் கூழாகிவிட்டது.

“என்ன உம்மா, வாய்க்குள்ள என்னத்த போட்டுட்டுக் கதைக்கிறீங்க?” என்று சிரித்துக்கொண்டு வந்தவள், என் முகத்தைப் பார்த்ததும் “வாப்பா!” என்று கத்தினாள். என் வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்ததாம்.

என் கணவருக்குப் பிலிமத்தலாவையில் பிளாஸ்டிக் சாமான் கடை. கடைக்குப் பின்னால் மேலே ஏறும் ஒழுங்கையில்தான் வீடு. அங்கிருந்து கண்டிக்குத் த்ரீவீலரில் கொண்டுபோனார்கள். பேராதனையில் பாடசாலை நேரத்து நெரிசல். அந்த நெரிசலுக்குள் இருந்து கலிமாவைச் சொல்லிப் பார்த்தேன். நாக்குப் புரளவில்லை. மனதுக்குள் சொன்னேன். அல்லாஹ்வுக்கு அது கேட்கும் என்று தெரியும். ஆனாலும் பயந்துபோனேன்.

ஆஸ்பத்திரியில் சீ.டி. ஸ்கேன் (தலைக்குள் படம் எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். பக்கவாதம் என்றார்கள். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று அடைபட்டு, இடது பக்கத்தில் ஒரு சின்ன இடம் பழுதாகியிருந்தது. மூளையின் இடது பக்கம் உடம்பின் வலது பக்கத்தை ஆள்கிறது என்பதை நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்துகொண்டேன்.

“பிரஷருக்குக் குளிசை குடிக்கிறீங்களா?” என்று டொக்டர் கேட்டார். நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நோன்பு மாதத்தில் காலைக் குளிசையை நிறுத்தினேன். பெருநாள் முடிந்தும் தொடங்கவில்லை. தலையிடி இல்லை, பிறகென்ன என்று விட்டுவிட்டேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நோன்பு திறந்த பிறகு குடிக்கிற மாதிரி மாற்றித் தந்திருப்பேனே என்றார் டொக்டர்.

இந்தக் கட்டுரையை நான் ஆறுதலாக எழுதப் போவதில்லை. எனக்குக் கோபம். அந்தக் கோபத்தில் முதல் பங்கு எனக்கே. மற்றப் பங்குகளுக்கு இனி வருகிறேன்.

பேச்சு ஒரு கிழமைக்குள் திரும்பியது. கால் மெல்ல மெல்ல வந்தது. அல்ஹம்துலில்லாஹ். கை வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, தொழில்வழிச் சிகிச்சைக்கு (சாப்பிடுவது, பொத்தான் போடுவது போன்ற அன்றாட வேலைகளைக் கைக்குத் திரும்பப் பழக்குவது) கிளினிக்குக்கு வரச் சொன்னார்கள். அங்கிருந்த மிஸ் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என் மகளைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். என் கையைத் தூக்கி மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

“அம்மா, வருத்தம் வர முதல் இந்தக் கையால விருப்பமா என்ன செய்தனீங்கள்?”

“சமைச்ச.”

“அது வேலை. விருப்பமா எண்டு கேட்டனான்.”

பக்கத்தில் நின்ற ஸுமையாதான் சொன்னாள். “உம்மா மருதோண்டி வைப்பாங்க மிஸ். பெருநாள் வந்தா எங்கட ஒழுங்கையே எங்கட ஊட்டுலதான்.”

“அப்ப அதைக் கடுதாசியில கீறுங்கோ. ஒவ்வொரு நாளும் பத்து நிமிசம். கூட வேண்டாம், ஆனா ஒரு நாளும் விடப்படாது. உங்கட மூளை இந்தக் கையை மறக்கப் பாக்குது. மறக்க விடாதேங்கோ.”

அந்தப் பத்து நிமிடமும் இடது கைக்கு ஒரு மேஸ் (காலுறை) போட்டு மணிக்கட்டில் கட்டிவிடச் சொன்னாள். “உங்கட நல்ல கை கெட்டிக்காரக் கை. விட்டா எல்லாத்தையும் தானே செய்து போடும். மற்றது சோம்பேறியாப் போகும்.” பென்சிலுக்குத் துணி சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுத் தடிப்பாக்கித் தந்தாள். கடைசியாக, கதவடியில் வைத்து, “முதல் சில மாசத்தில கை லேசாத் திரும்பும். பிறகும் வரும்தான், ஆனா சரியாக் கஷ்டப்பட வேணும்” என்றாள்.

அந்தச் சில மாதம் என்ற சொல் என் தலைக்குள் மணிக்கூடு மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். என் சோற்றை என் வலது கையால் பிசைந்து, பிஸ்மி சொல்லி, என் வாயில் நானே வைக்க வேண்டும். இயலாதவர் இடது கையால் சாப்பிட்டால் குற்றமில்லை என்று கணவர் மௌலவியிடம் கேட்டு வந்து சொன்னார். சட்டம் விளங்கியது. ஒவ்வொரு வேளையும் இடது கையால் கரண்டியைத் தூக்கும்போது வந்த வெட்கம் போகவில்லை.

என்ன வேலை இருந்தாலும் ஒரு நாளும் தவறாமல் செய்வது எது என்று மிஸ் கேட்டிருந்தாள். தொழுகை என்றேன். அப்படியென்றால் அதோடு கட்டிவிடுங்கள் என்றாள். பகல் நேரத்து ளுஹர் தொழுகையோடு கட்டினேன். கதிரையில் இருந்தபடி தொழுதேன். ஸலாம் கொடுத்து, துஆ கேட்டு, எழும்பாமல் அப்படியே சின்ன மேசையை இழுத்து, மகளின் பழைய கொப்பியைத் திறந்தேன்.

முதல் நாள் ஒரு கொடி கீறினேன். பெருநாள் இரவுகளில் கண்ணை மூடிக்கொண்டே வைக்கிற கொடி. ஸுமையா வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“உம்மா, இது பூவா பல்லியா?”

“கொடி.”

“பல்லியெண்டா கீறக் கூடாது உம்மா. உசிருள்ளது.”

நான் சிரித்தேன். அவள் போன பிறகு கொப்பிக்கு மேல் தலையை வைத்து அழுதேன்.

மூன்றாம் நாள் கணவர் வாசலில் நின்று கடைச் சாவியைக் கேட்டார். நான்காம் நாள் ஸுமையா தன் ஸ்கார்ஃபைக் கேட்டாள். சாவி ஆணியில்தான் தொங்கியது, ஸ்கார்ஃப் அலுமாரியில்தான் இருந்தது. இருபது வருடமாக அந்த வீட்டில் பொருட்கள் இருந்த இடம் என் நாக்குத்தான். பத்து நிமிடம் என்றால் எவ்வளவு என்று அதற்கு முன் நான் யோசித்ததே இல்லை. சோறு வடிக்கவும் தேங்காய் துருவவும் உடுப்பு மடிக்கவும் நாள் முழுக்க நிமிடங்கள் இருந்தன. எனக்கென்று பத்து நிமிடம் மட்டும் அந்த வீட்டில் எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

வீட்டாரையாவது சமாளிக்கலாம். நோய் விசாரிக்க வருகிறவர்களை என்ன செய்வது?

எங்கள் மார்க்கத்தில் நோயாளியைப் போய் விசாரிப்பது பெரிய நன்மை. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் போய் எத்தனை மணித்தியாலம் உட்கார வேண்டும், நோயாளி எழும்பி எத்தனை கோப்பை தேத்தண்ணி ஊற்ற வேண்டும் என்று எந்த மௌலவியும் சொல்லித் தந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அவர்களோ கடை மூடுகிற நேரம், வான் கிடைக்கிற நேரம், பகல் சாப்பாடு முடிந்த நேரம் பார்த்து வந்தார்கள். பகல் சாப்பாடு முடிந்த நேரம்தான் என் பத்து நிமிடம். பிஸ்கட் பெட்டியும் ஓதின தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்ததும், இதே வருத்தத்தில் மவுத்தானவர்களின் (இறந்தவர்களின்) கதையைச் சொன்னார்கள்.

“எங்கட மாமாக்கும் இதே கைதான். நல்லாத்தான் ஈந்த. மூணாம் மாசம் போய்ட்டார்.”

நான் “இன்னாலில்லாஹ்” சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போவேன். கொப்பியில் அந்த நாள் வெறும் பக்கமாகவே இருக்கும்.

ஒரு நாள் ஹாஜரா மதினி வந்தார். என் கணவரின் மூத்த ராத்தா (அக்கா). மாவனல்லையிலிருந்து வான் பிடித்து, தன்னோடு ஏழு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் மேஸ் போட்ட இடது கையை மடியில் வைத்துக்கொண்டு கீறிக்கொண்டிருந்தேன். அந்தக் கிழமையில் கிடைத்த முதல் பத்து நிமிடம் அது. கொடியில் ஒரு இலை முதல் தடவையாக இலை மாதிரி வந்துகொண்டிருந்தது.

“யா அல்லாஹ், கைய மூடிக் கட்டி வெச்சீக்கிறாங்களே!” என்று மதினி பாய்ந்து வந்து என் இடது கையைப் பிடித்தார். மேஸைப் பார்த்து, அதுதான் நோய்க் கை என்று நினைத்துவிட்டார். மேஸை உருவினார். கையோடு கொண்டுவந்த எண்ணெயை ஊற்றி உருவ ஆரம்பித்தார். எட்டுப் பேரும் ஓதினார்கள். எட்டுப் பேரும் என் நல்ல கைக்கு ஊதினார்கள்.

“மதினி, இது நல்ல கை.”

“அப்படித்தான் நெனைக்கணும் புள்ள. நம்பிக்க வெக்கணும்.”

“இல்ல மதினி, இது வருத்தமில்லாத கை.”

“பாருங்கோ, இப்பவே கொணமாகி வருது” என்றார் மதினி மற்றவர்களிடம்.

இன்னொருவர் என் முன்னால் இருந்த கொப்பியை மூடி மேலே அலுமாரியில் வைத்தார். “வருத்தக்காரி இதுகள்ல மெனக்கெடலாமா? படுங்கோ” என்றார். அந்த நேரம் முன்னறையிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. “வந்தவங்களுக்குத் தேத்தண்ணி ஒண்டு ஊத்துங்களே.”

நான் எழும்பினேன். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத இடம். யாரும் என்னைத் தள்ளவில்லை. என் கால்கள் தாமாகக் குசினிக்கு நடந்தன. எண்ணெய் வழிகிற இடது கையால் கேத்தலை அடுப்பில் வைத்தேன். வலது கை பக்கத்தில் தொங்கியது. கேஸைப் பற்றவைத்துவிட்டு அந்தக் கையைப் பார்த்தேன். சில மாதம், சில மாதம் என்று மிஸ்ஸின் குரல் கேட்டது. கேஸை அணைத்தேன். அறைக்குத் திரும்பி வந்தேன்.

“எட்டுப் பேர் வந்தீக்கிறீங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. “பதினாறு கை ஈக்கிது. பதினாறுல ஒரு கை கேத்தல் பக்கம் போகல்ல. ஏண்ட ஒண்டரைக் கைதான் ஒங்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊத்தணுமா?”

மதினியின் முகம் சிவந்தது. “நாங்க நன்மைக்கு வந்த” என்றார்.

“அந்த நன்மை கேட்டுக்கு வெளிய நிண்டு துஆ கேட்டாலும் கெடைக்கும் மதினி. ஏண்ட கைக்குக் கெடைக்கிறது இந்தப் பத்து நிமிஷம் மட்டும்தான். அந்தக் கொப்பிய எடுத்துத் தாங்க.”

மதினி கொப்பியை எடுத்துத் தரவில்லை. எழும்பிப் போனார். ஏழு பேரும் பின்னால் போனார்கள். தேத்தண்ணி குடிக்காமல் போன சனம் என்று ஒழுங்கை முழுக்கப் பேச்சானது. பெரியவருக்கு அதபு, மரியாதை இல்லாமல் பேசியது பிழை. அதற்குப் பிறகு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்தேன். சொன்ன விஷயத்துக்குச் செய்யவில்லை, சொன்ன விதத்துக்குச் செய்தேன்.

கணவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பகல் கடையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டுப் போகாமல், கதிரையொன்றை வாசலில் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுப் பெண் வந்த சத்தம் கேட்டது. “அவ தொழுறா. பொறகு வாங்கோ” என்றார். அவள் திரும்பிப் போய்விட்டாள்.

எனக்கு அதற்கும் கோபம் வந்தது. கொப்பியை மூடிவிட்டு வாசலுக்குப் போனேன்.

“என்னத்துக்குப் பொய் செல்றீங்க? கீறுறா எண்டு செல்லுங்க.”

“நாப்பத்தாறு வயசுல பொண்டாட்டி பூக் கீறுறா எண்டு செல்ல வெக்கமா ஈக்கிது.”

“அப்ப மருந்து எண்டு செல்லுங்க.”

“மருந்து எண்டா போத்தல் எங்க எண்டு கேப்பாங்க.”

“கொப்பியக் காட்டுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கொப்பியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். பல்லி மாதிரி இருந்த முதல் கொடியில் தொடங்கி, கடைசிப் பக்கத்து இலைவரை பார்த்தார். கொப்பியைத் திருப்பித் தந்தார். அடுத்த நாள் வந்தவர்களிடம், “கை பழக்குறா. பத்து நிமிஷம் இரிங்க” என்று சொன்னது எனக்கு அறைக்குள் கேட்டது. அந்தப் பத்து நிமிடத்தில் வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் அவரே ஊற்றினார். சீனி கூடிப்போனதாக யாரோ சொன்னார்களாம்.

இதே வருத்தத்தோடு இதை வாசிக்கிறவருக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டார் தாமாக நேரம் தருவார்கள் என்று காத்திருக்காதீர்கள். அவர்கள் உங்களை நேசிக்கிறார்கள், அதனாலேயே தர மாட்டார்கள். உங்களைப் படுக்க வைப்பார்கள், ஊட்டுவார்கள், கண்ணீர் விடுவார்கள், பிறகு சாவி எங்கே என்று கேட்பார்கள். பத்து நிமிடத்தைப் பறித்துத்தான் எடுக்க வேண்டும். அழகாக வருகிறதா என்று பார்க்க வேண்டாம். என் கொப்பிகளில் பாதி குப்பை. குப்பை கீறிய நாளும் கை வேலை செய்த நாள்தான்.

மருதோண்டிக் கோனைப் பிதுக்க விரல்களுக்குப் பலம் வேண்டும். அதனால் பென்சிலுக்குப் பிறகு, பொலித்தீன் கோனில் கோதுமை மாக் கரைசலை ஊற்றித் தட்டில் கீறினேன். முதலில் மொத்தமாகக் கொட்டியது. பிறகு சொட்டியது. ஒரு நாள் நூலாக வந்தது. அந்தக் கிழமைதான் கரண்டியைத் தள்ளிவைத்தேன். பருப்பும் சோறும் பிசைந்து பிஸ்மி சொல்லி எடுத்தேன். பாதி மடியில் விழுந்தது. மீதி வாய்க்குப் போனது. ஸுமையா எழும்பி உதவ வந்தாள். கணவர் அவளுடைய கையைப் பிடித்து உட்கார வைத்தார். அன்று சாப்பிட்டு முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. சோறு ஆறிப்போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், அதைவிட ருசியான சோறு நான் சாப்பிட்டதில்லை.

கோபம் அதோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு நாள் கோனைக் கழுவும்போது எங்கள் ஒழுங்கையின் மேல் முனையில் இருக்கும் நஸீமா ராத்தா ஞாபகத்துக்கு வந்தார். நான்கு வருடத்துக்கு முன் அவருக்கும் இதே வருத்தம், இதே வலது கை. அப்போது நான்தான் ஒவ்வொரு நாளும் கோழி சூப் கொண்டுபோனேன். “கைய அசைக்காதீங்க ராத்தா, நான் ஈக்கன்” என்று சொல்லி மூன்று மாதம் ஊட்டினேன். ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அவருடைய கை ஸ்பாஸ்டிசிட்டியில் (தசைகள் தாமாக இறுகிக்கொள்வது) மடிந்து நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அது அல்லாஹ்வின் நாட்டம் என்று சொல்லிவிட்டு நான் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

ளுஹர் தொழுதுவிட்டு, கொப்பியும் இரண்டு பென்சிலும் எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். போகிற வழியில் நேரம் போய்விடும் என்று மேஸையும் போட்டுக்கொண்டே போனேன். ராத்தா ஜன்னலோரம் கதிரையில் இருந்தார்.

“என்ன புள்ள, கைக்கு மேஸ்? குளிரா?”

எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ் சொன்னதை, மேஸை, கொடியை, சோற்றை. ராத்தா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு சொன்னார்:

“நாலு வருஷத்துக்கு முந்தி இத ஆரு எனக்குச் செல்லின? நீ சூப்தானே கொண்டு வந்த.”

“எனக்குத் தெரியல்ல ராத்தா.”

“எனக்கும் தெரியல்ல. நீ ஊட்டின, நான் வாயத் தொறந்த. எல்லாரும் ஒன்னப் பெரிசாச் சென்னாங்க.”

“மாப்புச் செய்ங்க ராத்தா.”

“செய்வன். இண்டைக்கில்ல.”

துணி சுற்றிய பென்சிலை அவருக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். இப்போதும் கை கொஞ்சம் இளகும், மிஸ்ஸிடம் கூட்டிப்போகிறேன் என்றேன். அவர் பென்சிலைத் தொடவில்லை. “நீ கீறுற நேரமெண்டா கீறு. எனக்கு முன்னால குந்திக்கிட்டு அழாத” என்றார்.

கீறத் தொடங்கினேன். ராத்தாவின் மருமகள் தட்டில் தேத்தண்ணியோடு வந்தாள். ராத்தா இடது கையை உயர்த்தி அவளை வாசலிலேயே நிறுத்தினார். “அங்க வெச்சிட்டுப் போ. அவ முடிக்கட்டும்.”

முன்பு எனக்குக் கை இருந்தது எனக்குத் தெரியாது. அது செய்த வேலைகள்தான் தெரியும். இப்போது ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக எழுப்பி வேலைக்கு அனுப்புகிறேன். சின்னவிரல் இன்னும் முரண்டு பிடிக்கிறது. நாள் என்பதும் முன்பு சமைத்து முடிந்ததும் முடிந்துபோவது. இப்போது அதன் நடுவில் பத்து நிமிடம் கல் மாதிரிக் கிடக்கிறது. மற்ற நேரமெல்லாம் அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. எனக்கு வருத்தம் வந்த முதல் மாதங்களில் அந்தக் கல் கிடைத்தது. ராத்தாவுக்கு அவருடைய முதல் மாதங்களில் என் கையால் சூப்தான் கிடைத்தது. அது நினைவில் வரும் ஒவ்வொரு முறையும் பென்சில் ஆடுகிறது. அன்றும் ஆடியது. இலையொன்று கோணிப்போனது. பரவாயில்லை, போதும் என்று பென்சிலை வைக்கப் போனேன்.

நஸீமா ராத்தா சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னம் ரெண்டு நிமிஷம் ஈக்கிது” என்றார். “கீறு.”